பூனைக்கும் டிரான்ஸ்பர் போடுங்க!

பூனை வளர்க்கிற வீடுகளில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கதவைச் சாத்தி உள்ளேயே வைத்துக்கொள்வதா, இஷ்டத்துக்கு ஊர் சுற்ற விடுவதா? எங்கள் வீட்டில் தங்கமணி 'சுற்ற விடு' கட்சி. நான் 'கதவைச் சாத்து' கட்சி. தீர்ப்பு எப்படியும் அவங்க பக்கம்தான் போகும், இருந்தாலும் என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன் :-)

"ஜெயில்ல போட்ட மாதிரி வளர்க்கறதுக்கு எதுக்குங்க பூனை?" என்பது அவங்க கேள்வி. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ப்பக்கம் பூனையை யாரும் மெனக்கெட்டு வளர்த்ததில்லை. நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பூனை வரும். முற்றம், கொல்லை, ஓட்டுக்கூரை எல்லாம் அதன் ராஜ்ஜியம். வீடும் மாறாது, பூனையும் மாறாது.

நம்ம கதை அப்படியா? பேங்க், ரயில்வே, ராணுவம் என்று மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டுகிற கூட்டம். இப்போது புனேயில் நாலாவது மாடி. அடுத்தது எந்த ஊரோ, ஹெட் ஆபீசுக்கே வெளிச்சம்.

லாரி வந்து நிற்கிற காலையில், ஊர் சுற்றும் பூனை எந்தக் காருக்கு அடியில் தூங்குமோ? தேட நேரம் இருக்காது. "வாட்ச்மேன் பால் வைப்பார்" என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி விட்டுப்போவது, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். செக் திரும்பினால் பேங்க் பிடிக்கிற தொகையே அதைவிட ஜாஸ்தி!

வெளியே விடுவதன் டெபிட் பக்கத்தில் வண்டி, தெருநாய், ரேபிஸ் எல்லாம் வேறு இருக்கின்றன. பெண் பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே சினையாகலாம். இரண்டே மாதத்தில் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகளுக்கு யார் கணக்கு எழுதுவது?

ஆனால் ஒன்று. கதவைச் சாத்துகிறவருக்குக் கடமை அதிகம்.

முதலில் பால்கனி. பூனை எப்படி விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நம்பாதீர்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987இல் வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன, வாஸ்தவம். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நெஞ்சில் அடி, பாதிக்கும் மேலானவற்றுக்கு முகத்தில் அடி. புறாவுக்குக் கட்டுகிற நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். கம்பி வலைதான் சரி.

அடுத்தது சாப்பாடு. சைவக் குடும்பங்கள் இதைக் கவனிக்கணும். வெளியே போகிற பூனை நம்ம தயிர்சாதத்தை நக்கிவிட்டு எலி பிடித்து ஈடுகட்டிக்கொள்ளும். உள்ளே இருப்பதற்கு அந்த வழி இல்லை. மாமிசத்தில் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். கேட் ஃபுட் பாக்கெட்டைக்கூட வீட்டுக்குள் விடமாட்டோம் என்பவர்கள் பூனையை விட்டுவிடுவதே நல்லது.

கருத்தடை, தடுப்பூசி, தினமும் சுத்தம் செய்த மணல் தட்டு, ஏறி உட்கார உயரமான இடம், தினமும் கொஞ்ச நேரம் விளையாட ஆள்... இவ்வளவும் இருந்தால் அது ஜெயில் இல்லை, வீடு. இல்லாவிட்டால் தங்கமணி சொல்வதுதான் சரி.

தெருவிலேயே வளர்ந்த பெரிய பூனையைப் பிடித்து அடைப்பது வேறு விஷயம். அது பாவம். கருத்தடை செய்து, சோறு வைத்து, அதன் போக்கில் விடுவதே மரியாதை.

குட்டியாக எடுத்து வந்து பேர் வைத்துவிட்டால் மட்டும், அதுவும் குடும்ப உறுப்பினர். புது ஊரில் முதல் இரண்டு மூன்று வாரம் அதை வெளியே விடவே கூடாது. தப்பித்தால் திரும்பி வர வழி தெரியாது. உள்ளேயே பழகிய பூனைக்கு இது கஷ்டமில்லை, கூடையில் ஏறிக் கூடவே வந்துவிடும்.

பிள்ளைகள் பூனைக்குட்டி கேட்டால், கலர் என்ன, பேர் என்ன என்று யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒன்றே ஒன்றை முடிவு பண்ணுங்க. அடுத்த டிரான்ஸ்பரில் இதுவும் நம்மோடு வருமா? வரும் என்றால் கொண்டுவாங்க, கதவைச் சாத்துங்க.