சடங்கு முடிந்தது, பள்ளிக்கு எப்போது?

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில், பூப்பெய்திய தலித் மாணவி ஒருவர் பள்ளி வகுப்பறைக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வு எழுதினார். தமிழகமே கொதித்தது. பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆனால், அதே காரணத்துக்காக வீட்டில் தனியே உட்காரவைக்கப்படும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2018 கஜா புயலில் பட்டுக்கோட்டை அருகே தனிக் குடிசையில் இருந்த சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்ததையும் மறந்துவிட்டோம்.

சிவகாசி வட்டாரக் காலனிகளில் இந்தத் தீட்டோடு கடனும் சேர்கிறது. பந்தல், ஃபிளக்ஸ், விருந்து, தாய்மாமன் சீர் என வட்டிக்கு வாங்கினால், பட்டாசு ஆலைக் கூலியில்தான் அடைக்க வேண்டும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போக, 'வயசுக்கு வந்தவள்' வீட்டையும் தம்பி தங்கையையும் பார்க்க நின்றுவிடுகிறாள்.

18 வயது நிறையாதவர்கள் பட்டாசுத் தொழிலில் ஈடுபட 2016 சட்டத்திருத்தம் தடை விதிக்கிறது. ஆலைக்குள் சோதனை நடத்தும் அதிகாரி, வீட்டுக்குள் நிற்பவளைத் தேடி வருவதில்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கல்லூரிக்குப் போனால்தான் கிடைக்கும்.

ஒரு வாரம் வராத மாணவியின் வீட்டுக்கு வகுப்பாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் செல்ல வேண்டும். சடங்கைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். பரீட்சையைத் தள்ளிவைக்க முடியாது.