மொட்டைமாடியில் பாலித்தீன் குடில்: சென்னை வெயிலுக்கு அது சரிப்பட்டு வருமா?

ஆன்லைனில் பார்க்க அழகாத்தான் இருக்கு. குழாய் சட்டம், பளபளக்கும் பாலித்தீன் உறை, ஜிப் வைத்த கதவு, உள்ளே கொத்துக் கொத்தாகத் தக்காளி. ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை வாங்கி சென்னை மொட்டைமாடியில் மாட்டினால், சித்திரை வெயிலில் என்ன ஆகும்?

கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய கார் மாதிரிதான். வெயில் உள்ளே போகும், மண்ணும் தொட்டியும் சூடாகும், சூடான காற்று வெளியேற வழியிருக்காது. குளிர் நாடுகளில் செடியைப் பனியிலிருந்து காப்பாற்ற இந்தச் சூடு தேவை. இங்கே வெளியிலேயே 38, 40 டிகிரி! 35 டிகிரியைத் தாண்டினாலே தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ பூக்கும், ஆனா பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

ஓசூரில் மட்டும் எப்படி?

ஓசூரில் ரோஜாவும் குடைமிளகாயும், ஊட்டியில் கார்னேஷனும் பாலிஹவுஸில்தான் வளர்கின்றன. ஆனால் அவை உயரமான, குளுமையான ஊர்கள். அங்குள்ள கூடாரங்களும் பெரியவை. சுமார் 6 மீட்டர் உயரம் இருக்கும், சூடான காற்று வெளியேற உச்சியில் திறப்பு இருக்கும். வீட்டுக்கு விற்கும் குடில் 6, 7 அடிதான். ஃபேனும் ஈரத்திரையும் வைத்துக் குளிர்விக்கலாமே என்றால், காற்றிலேயே ஈரம் நிறைந்த கடலோர ஊரில் அது பெரிதாக எடுபடாது. கரன்ட் பில்தான் ஏறும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

கோடைக்கு நிழல்வலை போதும். காய்கறிக்கு 50 சதவீத வலை, நாலு பக்கமும் திறந்திருக்கணும். 75 சதவீதம் எல்லாம் பெரணி, ஆர்க்கிட் மாதிரி செடிகளுக்கு. அதன் கீழே கத்தரி வைத்தால் வெளிச்சம் தேடி நெட்டையாக வளருமே தவிர காய்க்காது.

பாலித்தீனுக்கு இங்கே உண்மையான வேலை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான். அப்போது வலையைச் சுருட்டிவிட்டு, நாற்றுத் தட்டுக்கும் கீரைத் தொட்டிக்கும் மேலே கூரையாக மட்டும் ஷீட் போடலாம். பக்கங்களை மூடவே கூடாது.

வெள்ளை ஈ தொல்லைக்குப் பயந்து பூச்சிவலையால் முழுசா மூடினால் தேனீயும் வராது. பாகலுக்குக் காலையிலும் பீர்க்கனுக்குச் சாயங்காலமும் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களேதான் தடவணும்.

காற்று?

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையின் பெரிய மரங்களையே சாய்த்தது. அந்தக் காற்றில் ஷீட் கூரை பாய்மரம் மாதிரி இழுக்கும். பிய்த்துக்கொண்டு பறந்தால் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து. சட்டம் நிறுத்த தளத்தில் துளை போடாதீர்கள், மழைக்கு ஒழுகும். பழைய பெயின்ட் வாளியில் கான்கிரீட் கொட்டி அதில் குழாயை நடலாம். சாதாரணக் காற்றுக்கு அது தாங்கும். புயல் எச்சரிக்கை வந்தால் வலை, ஷீட் ரெண்டையும் முதல் நாளே கழற்றிவிட வேண்டும்.