தவணைக்கு வருபவர் யார்?

சட்டத்தின் கையில் அகப்பட்ட சிறுவர்களுக்காகப் பாடுபடும் சங்கங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், அவற்றின் தலைவர்களைக் 'கருணையின் திருவுருவம்' என்று போற்றி மாலை சூட்டுவது நம் மேடைகளின் வழக்கமாகிவிட்டது. அண்மையில் மாத்தளையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்திலும் இதே புகழுரையைக் கேட்டேன். பேசிய நண்பர் நல்லவர். அவர் போற்றிய பெரியவர்களும் போற்றத்தக்கவர்களே. ஆயினும் கருணை என்ற சொல் காதில் விழுந்தபோது எனக்கு ஏதோ நெருடியது. கருணைக்கு நம் நாட்டில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. என்னிடங்கூட அது நிறைய இருந்தது. அதனால் ஒரு பிள்ளைக்கு எள்ளளவும் பயன் விளையவில்லை என்பதை முப்பது ஆண்டுகளாக நான் அறிவேன்.

1994ஆம் ஆண்டு. இறத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் அப்போது நான் இளம் ஆசிரியன். என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தாயும் தந்தையும் இல்லை. பாட்டியோடு லயத்தில் வாழ்ந்தான். கணக்கில் மந்தம், ஆனால் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் திருப்பிச் சொல்லிவிடுவான். தோட்ட எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு சிறு காணியில் மிளகு பறித்து மூட்டை கட்டியபோது அவன் பிடிபட்டான். இரண்டு கிலோ பச்சை மிளகு. பொலிஸ், வழக்கு, தவணை என்று காரியம் வளர்ந்தது.

தவணைக்கு முதல் நாள் மாலை அந்தப் பாட்டி என் விடுதி வாசலில் வந்து நின்றாள். "நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னா போதும் மாஸ்டர். அங்க பேசுறது ஒண்ணும் எனக்கு வெளங்காது" என்றாள். மறுநாள் பாடசாலையில் தவணைப் பரீட்சை. அதைக் காரணமாகச் சொன்னேன். சொல்லாமல் விட்ட காரணம் வேறு: திருட்டு வழக்கில் ஆசிரியன் ஒருவன் கூண்டருகே நிற்பதா என்ற வெட்கம். பரீட்சைக்கு ஒரு தவணை, வழக்குக்கு ஒரு தவணை. நான் முதலாவதைத் தேர்ந்துகொண்டேன். பாட்டியின் கையில் ஐம்பது ரூபா கொடுத்தனுப்பினேன். அதுதான் என் கருணை.

அன்று நடந்தது பின்னர் பாட்டி வாயிலாக நான் கேட்டறிந்தது. ஏதோ கேட்டார்கள், பையன் தலையசைத்தான், வீட்டில் பொறுப்பான பெரியவர் உண்டா என்று வினவியபோது கிழவி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள், அது போதுமானதாகத் தோன்றவில்லை. தொலைதூரத்தில் ஒரு சான்றுபெற்ற பாடசாலைக்கு அவன் அனுப்பப்பட்டான். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்தபோது சிங்களம் சரளமாகப் பேசினான். தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டியே படித்தான். பாட்டி அதற்குள் இறந்திருந்தாள்.

நிற்க. அந்த மிளகுக்கு உரியவளும் பெருஞ்செல்வி அல்லள். நான்கைந்து மரங்களில் கொடியேற்றி, அந்த வருமானத்தில் ஆண்டு முழுவதும் காலம் தள்ளிய ஒரு விதவை. 'கள்ளனுக்குப் பரிந்து பேசுவதா?' என்று கேட்பவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவளுக்கும் நீதி வேண்டியிருந்தது. ஆனால் மூன்றாண்டுப் பிரிவினால் அவளுக்கு ஒரு மிளகு மணியாவது திரும்பி வந்ததா? அவன் ஒரு பருவம் அவளுக்கு மிளகு பறித்துக் கொடுத்திருக்கலாம். அவ்வாறு ஏற்பாடு செய்து, அதற்குப் பொறுப்பாக நிற்கிறேன் என்று சொல்ல ஓர் ஆள் அங்கே தேவைப்பட்டார். அந்த ஆள் பரீட்சைத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

இத்துறையில் உண்மையாகத் தலைமை தாங்கியவர்களின் வரலாற்றைப் பிற்காலத்தில் தேடிப் படித்தேன். அவர்களைக் கருணைவான்கள் என்பதைவிட விடாக்கண்டர்கள் என்பதே பொருந்தும்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மேரி கார்பென்டர் அம்மையார் 1851இல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி நூலெழுதினார். 1852இல் கிங்ஸ்வுட்டில் தாமே ஒரு பள்ளியைத் திறந்தார். 1854இல் பெண்பிள்ளைகளுக்கென்று ரெட் லாட்ஜ் இல்லத்தை நிறுவினார். அதே 1854இல் அவர் வேண்டிய சட்டமும் நிறைவேறியது. ஆனால் எப்படி? சீர்திருத்தப் பள்ளிக்குச் செல்லுமுன் பிள்ளை குறைந்தது பதினான்கு நாள் சிறையில் கிடக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. முதலில் சிறை, பிறகு பள்ளி! அம்மையார் அதை எதிர்த்தார். 1877இல் அவர் இறக்கும்போதும் அந்த விதி உயிரோடிருந்தது. அது நீங்கியது 1899இல். சட்டம் நிறைவேறிவிட்டது என்று விழா எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் சங்கத் தலைவர்கள் இந்த நாற்பத்தைந்து ஆண்டுக் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வம்மையார் 1866இல் இந்தியாவுக்கும் வந்தார், சென்னையையும் பார்த்தார். இந்தியாவில் சிறுவர்களுக்கெனத் தனிச்சட்டம் முதன்முதல் இயற்றப்பட்டது அந்தச் சென்னை மாகாணத்திலேதான், 1920இல்.

எனினும் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர்கள் சிக்காகோ நகரத்துப் பெண்மணிகளே. உலகின் முதலாவது சிறுவர் நீதிமன்றம் எனப்படுவது அங்கே 1899இல் ஏற்பட்டது. பிள்ளைகளின் வீட்டு நிலையை அறிந்து மன்றுக்குச் சொல்ல நன்னடத்தை உத்தியோகத்தர்கள் நியமிக்கப்படலாம் என்றது சட்டம். அவர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து சம்பளம் மட்டும் இல்லை என்றது. (சட்டம் இயற்றுபவர்களின் சாமர்த்தியம் எந்நாட்டிலும் ஒன்றுதான்.) ஜூலியா லாத்ரொப், லூயிஸ் போவன் முதலிய பெண்கள் ஒரு குழுவாகக் கூடிப் பணந்திரட்டி அந்தச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். மாநாடு கூட்டவும் மலர் வெளியிடவும் அல்ல. பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்து, வழக்கு நாளன்று மன்றில் நிற்கும் ஒருவருக்குக் கூலி கொடுக்க. ஒரு சங்கம் தன் பணத்தை எதில் செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் கண்டதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். பம்பாய்ப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே, இந்தியச் சிறைகளில் கிடந்த பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1986இல் மன்று கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது. அதே ஆண்டில் நாடு முழுவதற்குமான சிறுவர் நீதிச் சட்டமும் வந்தது. ஆயினும் விசாரணை இழுபட்டது. தாமதத்தால் மனங்கசந்த அவர் 1988இல் வழக்கைத் திரும்பப் பெற விரும்பினார். மன்று என்ன சொல்லிற்று? நீங்கள் விலகலாம், வழக்கு விலகாது. இது உங்கள் சொந்த வழக்கன்று, பிள்ளைகளின் வழக்கு என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லிற்று. அவருக்கு அது எவ்வளவு வேதனையாயிருந்திருக்கும் என்பதை உணர்கிறேன். ஆயினும் தம் பெயரோடு சங்கத்தை ஒட்டவைத்துக்கொள்ளும் தலைவர்கள் இருக்கும் நாட்டில், அந்தத் தீர்ப்பைப் பெரிய எழுத்தில் எழுதி அலுவலகச் சுவரில் மாட்டலாம்.

அமெரிக்காவில் பிரையன் ஸ்டீவன்சன் 1989இல் அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்க்கு, விடுதலைக்கு வழியேயில்லாத ஆயுட்சிறையைக் கட்டாயத் தண்டனையாக விதிக்கலாகாது என்ற தீர்ப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிப் பெற்றது 2012இல். இடையே இருபத்துமூன்று ஆண்டு. இலங்கையிலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998இன் சட்டத்தால் பிறந்தபோது அதன் முதல் தலைவராக வந்தவர் குழந்தை மருத்துவரான பேராசிரியர் ஹரேந்திர டி சில்வா. அது அரசாங்க நிறுவனம்; சங்கமன்று. ஆனாலும் மருத்துவமனைக் கட்டிலருகே நின்றவர் ஒருவர் அங்கிருந்து சட்டத்தை நோக்கி நடந்தார் என்பது கவனிக்கத்தக்கது. மாநாட்டு மேடையிலிருந்து பிள்ளையை நோக்கி நடப்பவர்கள் பாதிவழியில் களைத்துவிடுகிறார்கள்.

நம் சட்டங்களின் நடை எவ்வளவு மெதுவானது என்பதைப் பாருங்கள். சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கம். ஆண்பிள்ளையைப் பிரம்பால் அடிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட அது இடந்தந்தது. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது. சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் நாடு ஏற்றுக்கொண்டது. பிரம்பு மட்டும் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை. அது 2005இல்தான் நீக்கப்பட்டது. எட்டு வயது நிரம்பிய குழந்தையைக் குற்றவாளியாக்கலாம் என்றிருந்த விதி மாறிப் பன்னிரண்டு என்றானது 2018இல். அதே திருத்தத்தின்படி, பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளை தன் செயலின் தன்மையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி பெற்றிருந்ததா என்பதையும் ஆராய வேண்டும். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைக் குழு 2019இல் குறைந்தது பதினான்கு வயது என்று பரிந்துரைத்தது. நாம் அதற்கும் பின்னாலேயே நிற்கிறோம்.

முதிர்ச்சி இருந்ததா? ஆசிரியப் பெருமக்களே, இந்தக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். 1994இல் என் மாணவன் விஷயத்தில் சட்டம் அதைக் கேட்கவேயில்லை. பன்னிரண்டு கடந்துவிட்டான், அவ்வளவுதான். இன்று கேட்கிறது. நன்னடத்தை உத்தியோகத்தர் விசாரித்தறிய வேண்டியவர்களுள் ஆசிரியரைவிட அப்பிள்ளையை அறிந்தவர் வேறு யார்? அவன் எதை விளங்கிக்கொள்வான், எதை விளங்காமலே தலையசைப்பான் என்பது நமக்கல்லவா தெரியும்?

மொழியின் சங்கதி தனி. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவேட்டு மொழி சிங்களம். ஆயினும் தமிழில் பங்குகொள்ளும் உரிமையையும், மொழி விளங்காதவர் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையையும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. உரிமை தாளில் இருக்கிறது. அதைக் கேட்க வாய் வேண்டும். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த கோப்பிக் காலத்து மக்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்றும் மன்றிலே ஊமைகளாக நிற்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை எழுந்து நின்று 'எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்' என்று சொல்லுமா? சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அப்படியொன்று உண்டென்பதே லயத்துக் கிழவிக்கு யார் சொல்லித் தெரியும்?

ஆகையால் ஒரு சங்கத்தின் தலைவரை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான். அவர் ஆண்டறிக்கையின் அச்சு எப்படியிருக்கிறது என்பதன்று. கொழும்பிலே எந்த மண்டபத்தில் ஆங்கிலத்தில் உரையாற்றினார் என்பதுமன்று. சென்ற மாதம் எத்தனை தவணைக்கு அவரோ அவருடைய ஆளோ போனார்கள்? சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை ஆறு மாதம் கழித்து யார் போய்ப் பார்த்தார்கள்? பிள்ளை திரும்பி வரும்போது வீட்டில் ஆளிருந்ததா? இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லக்கூடியவர் படியாதவராயினும், ஒரு காலத்தில் தாமே அப்படியொரு பாடசாலையில் வாடியவராயினும், அவரே தலைமைக்குரியவர். சொல்லப்போனால் அப்படி வாடியவர்களை நாம் மேடையில் 'சாட்சி சொல்ல' மட்டும் ஏற்றுகிறோமே தவிர, நிர்வாக சபையில் உட்காரவைப்பதில்லை. இது எனக்கு மிகவும் வெட்கமாயிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் என் மாணவனைக் கண்டேன். நாற்பதைத் தாண்டிவிட்டான். கோவா மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் தோளிலிருந்த சாக்கை இறக்கிவிட்டு வணங்கினான். தேநீர் வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை. பழைய கதை எதையும் நான் எடுக்கவில்லை. அவனே கேட்டான்: "அன்னைக்கு நீங்க சொன்ன பரீட்சை நல்லபடியா நடந்துச்சா மாஸ்டர்?" அவன் குரலில் குத்தல் இல்லை. பாட்டி அவனிடம் சொன்ன காரணத்தை அவன் அப்படியே நம்பியிருந்தான்.

இப்போது ஓய்வூதியக்காரன் நான். சங்கம் அமைக்கும் ஆற்றல் எனக்கில்லை. தலைவனாகும் தகுதியும் இல்லை. ஆனால் மாத்தளை, உக்குவளை, இறத்தோட்டைப் பகுதிகளில் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். காலையில் பத்திரிகை படித்து முடித்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லாதவர்கள். சட்டம் பேசச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடிப்பதும், நடந்தது இன்னதென்று பிள்ளைக்கும் வீட்டாருக்கும் தமிழில் எடுத்துச் சொல்வதும், அடுத்த தவணைத் தேதியைக் குறித்துக் கொடுப்பதும், அந்தத் தேதியில் மறுபடி போய் நிற்பதும் நம்மால் ஆகாதா?

நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். மாகாண நிர்வாகத்தின் கீழ் தமிழறிந்தவர்கள் போதாமல் திண்டாடும் அவர், "வாருங்கள் ஐயா, ஆனால் ஒரு தவணையோடு நின்றுவிடாதீர்கள்" என்றார். நண்பர்கள் நால்வரைக் கேட்டேன். இருவர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தம் மகனிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். நாலாமவர், நீதிமன்றத்தில் வயோதிபர் உட்காருவதற்கு வாங்கு கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். இந்த வாரம் போய்ப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டும்.