ஒளித்துப் பிடிக்கும் அப்பாக்களே, ஒளித்துவைக்கும் அம்மாக்களே

பிள்ளைகளுக்குத் தெரியாது என்ற நினைப்பை முதலில் விடுங்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா ஏன் தினமும் மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகிறார், இறங்கி வரும்போது ஏன் வாயில் புதினா மிட்டாய் மணக்கிறது, ஏன் யார் பக்கத்திலும் உட்காராமல் நேராகக் கை கழுவப் போகிறார் என்பதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் தெரியும். அதை அம்மாதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்: “தாத்தாகிட்ட சொல்லிடாதே.”

இந்த மறைப்பைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன். சிகரெட் கெடுதல் என்று உங்களுக்கு யாரும் இனிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பெட்டியில் 85 விழுக்காட்டு இடத்தை அந்தப் புண்ணின் படமும் எச்சரிக்கையும்தான் அடைத்துக்கொண்டிருக்கின்றன. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணமும் உங்களில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஒளித்துப் பிடித்துப் பழகியவர்கள், விடும்போதும் ஒளித்தே விடப் பார்க்கிறீர்கள். ஜனவரி முதல் தேதியோ மகளின் பிறந்தநாளோ, மனசுக்குள்ளேயே ஒரு சபதம் எடுக்கிறீர்கள். யாருக்கும் சொல்லவில்லை; அதனால் மூன்றாம் நாள் மறுபடி பற்றவைத்தாலும் கேட்பதற்கு ஆள் இல்லை. கை கொடுப்பதற்கும் ஆள் இல்லை.

கார்த்திகை முதல் தேதி நம் தெருக்களில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதியவர் சபரிமலைக்கு மாலை போட்டதும் நிறுத்திவிடுகிறார். மலைக்குப் போய் வரும்வரை தொடுவதில்லை. எப்படி முடிகிறது? பக்தி பெரிய காரணம், மறுக்கவில்லை. அதோடு சேர்ந்து இன்னும் என்னென்ன நடக்கிறது என்று கவனியுங்கள். கறுப்பு வேட்டியும் துளசி மாலையும் அவருடைய விரதத்தை ஊருக்கே சொல்லிவிடுகின்றன. டீக்கடையில் கூட்டாளி சிகரெட்டை நீட்டுவதில்லை. பழக்கத்தில் யாராவது நீட்டினாலும் பக்கத்தில் இருப்பவர் “சாமி மாலை போட்டிருக்காருல்ல” என்று தடுத்துவிடுகிறார். வீட்டில் எல்லோரும் ஒரு சொல் அதிகம் பேசாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விடியற்காலைக் குளியல், சாயங்கால பூஜை என்று, முன்பு தம் அடித்த நேரங்களிலெல்லாம் வேறு வேலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. தடுமாறினால் கேட்பதற்குக் குருசாமி ஒருவர் இருக்கிறார்.

மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பலர் மறுபடி பற்றவைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிக்கோட்டின் கிடைக்காமல் உடம்பு படும் அவஸ்தை, அதாவது எரிச்சல், தூக்கமின்மை, ஓயாத பசி, ஒன்றிலும் மனம் நிற்காமை எல்லாம், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆக, ஒரு மண்டலம் விரதம் இருந்தவரின் உடம்பு அந்தக் கஷ்டத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டது. அவரைத் திரும்ப இழுத்தது டீ கிளாஸும் பழைய கூட்டாளியும்தான். அதுவரை சுற்றி நின்று காத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் விலகிக்கொண்டதும்தான். தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டுவிட்டு ஈஸ்டரன்று ஆரம்பிக்கிறவர்களுக்கும் நடப்பது இதுவே. உங்களால் முடியும் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஊரும் வீடும் கூட நின்றபோது முடிந்திருக்கிறதே!

எந்த உதவியும் இல்லாமல் விட முயல்வதில் 100க்கு 4 முயற்சிகள்தான் பலிக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். “மனஉறுதி இருந்தால் போதும்” என்று வீறாப்பாகப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆலோசனையும் சரியான மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். அந்த உதவியும் எட்டாத இடத்தில் இல்லை. 1800-112-356 என்ற இலவச எண்ணை 2018 முதல் சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்து வருகிறார்கள். தினமும் கையில் எடுத்துப் பார்க்கும் எண்ணை எத்தனை பேர் ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கிறீர்கள்? தமிழிலேயே பேசலாம். விடும் தேதியை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். 2002இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய புகையிலை நிறுத்த மையங்களில் ஒன்று சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில்தான் வந்தது. இப்போது பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆலோசனை கிடைக்கிறது.

நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கித் தின்று பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: எப்படி மென்றீர்கள்? சாதாரண சூயிங்கம் மாதிரி பரபரவென்று மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குள் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். மெதுவாகச் சிலமுறை மெல்ல வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி ஒன்று அரை மணி நேரம் வரை வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி கூடாது. குடித்தால் வாய்க்குள் மருந்து இறங்காது. தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுகிறவருக்கு 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், மருத்துவரைக் கேளுங்கள். இதையெல்லாம் சொல்லித்தரத்தான் ஆள் வேண்டும் என்கிறேன்.

இனி அம்மாக்களுக்கு. கணவர் விட்ட முதல் வாரத்தில் சிடுசிடுப்பார், சாம்பாரில் உப்பு என்பார், டிவி சத்தம் என்பார். அப்போது “இதுக்கு நீங்க பழையபடி ஒண்ணு பிடிச்சிட்டே வந்துடலாம், வீடாவது நிம்மதியா இருக்கும்” என்கிறீர்களே, அது நியாயமா? வருஷக்கணக்கில் விடு விடு என்று கெஞ்சிவிட்டு, விட்டு ஐந்தாம் நாள் நீங்களே அனுப்பிவைப்பதா? அந்தத் தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிஷம்தான் நிற்கும். அந்தச் சில நிமிஷத்துக்குக் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், பிள்ளையோடு தெருமுனைவரை நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள். பழையதைக் குத்திக்காட்டுவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள்.

மறைக்கத் தெரிந்தவர்கள், பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது மட்டும் எப்படி மறந்துபோகிறீர்கள்? “அப்பாவுக்கு ரெண்டு ஃபில்டர் வாங்கிட்டு வா, மிச்சத்துக்கு நீ மிட்டாய் வாங்கிக்கோ.” 18 வயது நிரம்பாதவரிடம் சிகரெட் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை, அனுப்பியது நீங்கள். பால்கனியில் நின்று பிடித்தால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பொய். புகை கதவிடுக்கில் உள்ளே வரும், சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வரும். மாதம் தவறாமல் வீசிங் என்றும் காதுவலி என்றும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்களே, வீட்டில் யார் சிகரெட் பிடிக்கிறார்கள் என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பிள்ளையிடமும் சொல்லுங்கள். “அப்பாவுக்கு இந்தப் பழக்கம் இருக்கு, விடப் பார்க்கிறேன், கஷ்டமா இருக்கு, நீ எனக்கு உதவி பண்ணு.” இப்படிச் சொன்னால் மரியாதை குறையும் என்று பயப்படாதீர்கள். குறைவதாக இருந்தால் அந்தப் புதினா மிட்டாயிலேயே எப்போதோ குறைந்திருக்கும். அலுவலகத்தில் சொல்லுங்கள், டீக்கடைக் கூட்டாளிகளிடம் சொல்லுங்கள். மாலை இல்லாமலேயே அவர்கள் நீட்டும் கையை மடக்கிக்கொள்ளட்டும்.

ஒருநாள் தவறலாம். கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால், பழைய சிநேகிதர்களோடு, ஒன்றுதானே என்று கை போய்விடலாம். அதோடு எல்லாம் போச்சு என்று முழுப் பெட்டி வாங்குவதுதான் பலரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். அன்றிரவே வீட்டில் சொல்லுங்கள். எந்த இடத்தில், யாரோடு, எந்த நேரத்தில் தவறியது என்று குறித்துக்கொண்டு மறுநாள் அதே எண்ணைக் கூப்பிடுங்கள். இரண்டாம் தடவை வந்தவர் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வீட்டிலிருப்பவர்கள் அன்றைக்கு “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று ஆரம்பிக்க வேண்டாம். நாளைக் காலை டீயை வீட்டிலேயே போட்டுத் தரட்டுமா என்று கேளுங்கள்.