நம் வீட்டு விருந்து: கசக்காத ஆரஞ்சுப் பானகம்

நம் ஊர்ப் பக்கத்தில் ஐப்பசி என்றால் அடைமழை; குடையும் கையுமாக அலைய வேண்டும். நாகபுரியிலோ அக்டோபர் நடுவிலேயே மழை விடைபெற்றுக்கொண்டு, வானம் துலக்கி வைத்த வெள்ளிப் பாத்திரம்போல் ஆகிவிடுகிறது. இவ்வூரார் சரத் காலம் என்று கொண்டாடுவது இதனையே. ஆசுவின மாதப் பௌர்ணமியன்று, கோஜாகிரி என்ற பெயரில், குங்குமப்பூவும் ஏலமும் சாரைப்பருப்பும் இட்டுக் காய்ச்சிய பாலை நிலவொளியில் வைத்து நள்ளிரவில் அருந்துகிறார்கள். 'யார் விழித்திருக்கிறார்கள்?' என்று திருமகள் கேட்டுக்கொண்டே வருவாளாம். ரயில்வேயில் இரவுப் பணி பார்க்கும் நமக்கு அந்தக் கேள்வி புதிதன்று.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியிலும் ஆண்டுதோறும் அந்த இரவில் ஒரு சிறு விருந்து நடைபெறும். பால், மராட்டியக் குடும்பங்களின் பொறுப்பு. வடையும் சுண்டலும் நம்மவர் பொறுப்பு. ஒரு மூலையில் சில நண்பர்கள் வேறு வகைப் பானங்களைக் கலந்து கொண்டிருப்பார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

என்னோடு பணிபுரியும் மூத்தவர் ஒருவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிக்காரர். ஒரு காலத்தில் அந்த மூலையில் அவர் தாம் தலைவர். பின்னர் ஒருநாள் அதை அறவே விட்டார். விட்டது முதல் விருந்துகளுக்கு வருவதையும் விட்டுவிட்டார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது:

"தம்பி, எல்லார் கையிலும் வண்ணமாக ஒரு கிளாஸ் இருக்கும். என் கையில் தண்ணீர் இருந்தால் பத்துப் பேர் காரணம் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல என்னால் ஆகாது."

"இவ்வாண்டு வாருங்கள் அண்ணாச்சி. உங்கள் கையிலும் வண்ணமாக ஒன்று இருக்கும். அதற்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த வாக்கு மாலையில் கசந்தது. உவமையாகச் சொல்லவில்லை, மெய்யாகவே கசந்தது. ஆரஞ்சுப் பழங்களைக் காலையிலேயே உரித்து, மிக்ஸியில் விதையோடு அரைத்து, வடிகட்டி, குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஆபீசுக்குச் சென்றேன். காலையில் தேனாக இருந்த சாறு, இரவு எட்டு மணிக்கு வேப்பங்கொழுந்தாகி இருந்தது. ஒரு மிடறு குடித்தவர்கள் கிளாஸைச் சுவரோரம் வைத்துவிட்டு அந்த மூலையை நோக்கி நடந்தார்கள். அண்ணாச்சி ஒருவர் மட்டும் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காகக் குடித்தார். பால் ஊற்றுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

காரணத்தைப் பின்னர்தான் அறிந்தேன். ஆரஞ்சுச் சுளையின் மெல்லிய தோலிலும் விதையிலும், தன்னளவில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்தபின் அது சாற்றின் புளிப்போடு கூடி, சில மணி நேரத்தில் லிமோனின் என்னும் கடுங்கசப்புப் பொருளாக மாறிவிடுகிறது. சூடு பட்டால் மாற்றம் இன்னும் விரைவு. 2014-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நாகபுரி ஆரஞ்சும் இதற்கு விலக்கன்று. ஆகவே அரைத்தல் கூடாது, காய்ச்சுதல் கூடாது, முன்னதாகப் பிழிந்து வைத்தல் அறவே கூடாது.

நிற்க. இருபது பேருக்கு வேண்டிய கணக்கைச் சொல்கிறேன். ஆரஞ்சு முப்பது. இங்கே பழம் ஆண்டில் இருமுறை வரும். அக்டோபர் முதல் வருவது அம்பியா பருவத்துப் பழம். பிப்ரவரிக்குமேல் வருவது மிருக் பருவத்தது. முன்னதில் சற்றுப் புளிப்பு மிகுதி. தோல் பச்சையாக இருக்கிறதே என்று வீட்டிலுள்ளோர் முகம் சுளித்தாலும் பானகத்திற்கு அதுவே உகந்தது. எலுமிச்சை நான்கு, சர்க்கரை 400 கிராம், விரல் நீள இஞ்சி ஒன்று, புதினா ஒரு கட்டு, துளசி பத்து இலை, சோடா ஒரு லிட்டர், ஒரு மாதுளையின் முத்துகள்.

சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் கரைத்துக் கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். பாகு பதம் பார்க்க வேண்டா. இறக்கிய பிறகே புதினாவில் பாதியையும் துளசியையும் அதில் போட்டு, பதினைந்து நிமிஷம் மூடி வைத்து வடிகட்டுங்கள். இலையைக் கொதிக்க விட்டால் மணம் ஆவியோடு போய்விடும்; அரைத்தால் பச்சை நெடியும் கறுத்த நிறமுந்தான் மிஞ்சும். துளசியை அளவுக்கு மேல் போட்டால் விருந்து கஷாயமாகிவிடும், எச்சரிக்கை! இஞ்சியைத் தட்டிப் பிழிந்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெண்மையாகத் தங்கும் மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் பாகில் சேருங்கள். இவ்வளவையும் காலையிலேயே செய்து குளிர வைக்கலாம்.

ஆரஞ்சும் எலுமிச்சையும் மட்டும் விருந்தினர் படியேறும் ஓசை கேட்ட பிறகுதான். ஆரஞ்சைக் குறுக்கே வெட்டி, விதை நசுங்காமல் கையால் பிழிய வேண்டும். நால்வர் உட்கார்ந்தால் கால்மணி நேர வேலை. குழந்தைகளை இதற்கு அமர்த்துங்கள், மகிழ்ந்து செய்வார்கள். வடிகட்டிய சாற்றில் பாகை ஊற்றிக் கலக்கி, ருசி பார்த்து, ஒரு சிட்டிகை உப்பு இடுங்கள். கிளாஸில் பெரிய பனிக்கட்டியாக ஒன்று போட்டு, முக்கால் பங்கு சாறு, அதன்மேல் சோடாவை ஓரமாக ஊற்றி, மாதுளை முத்துகளைத் தூவ வேண்டும். மீதிப் புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டிச் செருகினால் குடிப்பதற்கு முன்பே மூக்கு குளிரும்.

இன்னொன்று. பாலுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். ஒரே தட்டில் இரண்டையும் நீட்டுவது விருந்தோம்பல் ஆகாது.

இவ்வாண்டு அண்ணாச்சியை மறுபடி அழைக்க நா எழவில்லை. என் மனைவிதான் அவர் வீட்டுக்கே சென்று, "அண்ணாச்சி, போன தடவை குடித்ததை மறந்துவிட்டு வரவேண்டும்" என்றாள். வந்தார். கிளாஸைக் கையில் வாங்கி நிலவில் தூக்கிப் பார்த்தார். சற்று நேரத்தில் அந்த மூலையிலிருந்தே இருவர் எழுந்துவந்து, "அண்ணாச்சி குடிப்பது எது? எங்களுக்கும் அதையே கொடுங்கள்" என்றார்கள். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை. பால் ஊற்றும்வரை இருந்தார். பழைய ரயில் கதைகளைச் சொல்லிக் குழந்தைகளையும் விழித்திருக்கச் செய்தார்.

படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, "தம்பி, அடுத்த மாதம் பேத்திக்குப் பெயர் வைக்கிறோம். எண்பது பேர் வருவார்கள். கணக்கு எழுதிக் கொடு" என்றார். நூற்றிருபது பழம், பதினாறு எலுமிச்சை, நாலு லிட்டர் சோடா என்று அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பிழிவதற்கு ஆள் எட்டுப் பேராவது வேண்டும் என்பதையும் அடியில் கோடிட்டுக் குறித்தேன்.