ஆட்டுக்குட்டியை வளர்த்தது யார்?

வட அமெரிக்க நாட்டுப்புறங்களில் கோடையின் நடுப்பகுதி தொடக்கம் இலையுதிர்காலத்தின் இறுதிவரை வேளாண்மைக் கண்காட்சிகளின் காலமாகும். ரொறன்ரோ மாநகரின் நடுவிலேயே, 1922ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட றோயல் குளிர்கால வேளாண்மைக் கண்காட்சி நவம்பர் மாதத்தில் நடைபெற்று வருகின்றது. எம்மவரிற் பலரும் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதனைப் பார்த்து வருகின்றனர். மரத்தூள் பரப்பிய அரங்கிலே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாம் வளர்த்த செம்மறிக் குட்டிகளின் தாடையைப் பிடித்தபடி நடுவரின் முன்னே நிற்கும் காட்சியைக் கண்டு திரும்பும் எம் பெற்றோரிடம் இருவகையான கருத்துகள் எழுகின்றன. ஒரு சாரார், “கொல்வதற்காகத்தானே வளர்க்கின்றார்கள், பாவம்” என்கின்றனர். மறுசாரார், “படிக்கிற வயதில் ஆடு மேய்ப்பதா?” என்று எள்ளி நகைக்கின்றனர்.

இவ்விரு கருத்துகளும் விடயத்தின் மேற்புறத்தையே தொடுகின்றன என்பது எமது எண்ணம். அந்தப் பிள்ளையின் கையில் உள்ள குட்டி எவ்வாறு வளர்க்கப்பட்டது, அதனை உண்மையில் வளர்த்தவர் யார் என்ற கேள்விகளே முதன்மையானவை. அவற்றுக்குரிய விடையிலேயே இந்த வழக்கத்தின் நன்மையும் தீமையும் தங்கியுள்ளன.

கண்காட்சிகளில் பிள்ளைகள் பங்குபற்றுவதற்கு வழிசமைத்தவை 4-எச் கழகங்களாகும். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தே அப்பெயருக்குக் காரணம். ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1902ஆம் ஆண்டு பாடசாலை அதிபர் ஒருவர் தொடங்கிய சிறுவர் கழகத்தையே இவ்வியக்கத்தின் தோற்றுவாயாகக் கொள்வர். கனடாவில் 1913ஆம் ஆண்டு மனிற்றோபா மாகாணத்தின் றோலண்ட் என்னும் ஊரில் இது வேரூன்றியது. நூலறிவாக அன்றி, செய்து பார்த்துக் கற்பதே இதன் கொள்கை. பிள்ளை ஒரு விலங்கைப் பொறுப்பேற்கின்றது. அதன் தீனிக் கணக்கையும் எடைக் கணக்கையும் தானே எழுதி வைக்கின்றது. பருவமுடிவில் அதனை அரங்கிற்குக் கொணர்ந்து, நடுவரின் கேள்விகளுக்குத் தானே விடையளிக்கின்றது.

இது எளிய வேலையன்று. பால்குடி மறந்த இரண்டு மூன்று மாதக் குட்டி ஏறத்தாழ 27 கிலோ எடையுடன் பிள்ளையிடம் வந்து சேர்கின்றது. நூறு, நூற்றிருபது நாள்களில் அது 60 கிலோ அளவினை எட்டவேண்டும். நாளொன்றுக்கு 250 முதல் 300 கிராம்வரை எடை கூடினாலே இது கைகூடும். உடல் எடையின் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு தீனியை நாள்தோறும் இரு வேளையாகப் பிரித்து, ஒரே நேரத்தில் இடவேண்டும். வளரும் குட்டியின் தீனியில் புரதம் நூற்றுக்கு 16 முதல் 18 வரை இருத்தல் நன்று. தானியத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டிச் செல்லவேண்டும். ஒரேயடியாகக் கூட்டினால் இரைப்பையில் புளிப்பு மிகுந்து குட்டி சாய்ந்துவிடும். மிகையாகத் தின்ற குட்டியின் குடலில் நுண்ணுயிர்கள் நஞ்சைப் பெருக்குவதால் ஒரே இரவில் அது இறந்துபோவதும் உண்டு. அதற்கெதிரான தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்கவேண்டும்.

இன்னும் நுணுக்கமான செய்திகளும் உள்ளன. மாட்டுக்கோ கோழிக்கோ உரிய தீனியைச் செம்மறிக்கு இடலாகாது. அவற்றில் சேர்க்கப்படும் செம்பு, செம்மறியின் ஈரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென இரத்தத்தில் கலந்து உயிரையே வாங்கிவிடும். விதை நீக்கிய கிடாய்க் குட்டிகளுக்குச் சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும் இடர் அதிகம். தீனியிலே சுண்ணாம்புச் சத்தானது பொசுபரசைப்போல் இரு மடங்கு இருக்குமாறு பார்த்துக்கொள்வதும், தூய நீரைக் குறைவின்றி வைப்பதும் அதற்குக் காப்பாகும். இவற்றையெல்லாம் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை அறிந்து, கணக்கிட்டு, பாடசாலைக்குச் செல்லுமுன் செய்து முடிக்கின்றது என்றால் அதனை “ஆடு மேய்த்தல்” என்று இகழ்வது அறியாமையே. உயிரியலும் இரசாயனமும் கணிதமும் அந்தக் கொட்டிலிலே ஒருங்கே கற்பிக்கப்படுகின்றன.

மேலும், இந்த இகழ்ச்சி எமக்கு எங்கிருந்து வந்தது? படிக்காத பிள்ளையை மாடு மேய்க்கப் போ என்று ஏசி வளர்த்த சமூகம் எமது. அதே சமூகம்தான் வேள்விக் கிடாயை ஆண்டு முழுதும் கண்ணுங் கருத்துமாக வளர்த்தது. கொக்கத்தடியோடு அலைந்து பலாவிலையும் கிளுவங்குழையும் ஒடித்துப் போட்டு, குளிப்பாட்டி, மாலை சூட்டி, ஊரார் பார்த்து வியக்க நடத்திச் சென்ற பெருமிதத்தை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் பிறந்தோர் அறிவர். யாருடைய கிடாய் பெரிது என்ற போட்டியும் அங்கே இருந்தது. ஆகவே கண்காட்சி ஆடு எமக்கு அந்நியமான பொருளன்று. அன்று அந்த வேலையைச் செய்தவரின் அறிவை நாம் மதிக்கவில்லை என்பதே வேறுபாடு.

இனி, இவ்வழக்கத்தின் இருண்ட பக்கத்தையும் மறைக்காது கூறவேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பெருங் கண்காட்சிகளில் முதற்பரிசு பெற்ற ஆட்டுக்குட்டி ஏலத்தில் இலட்சம் டொலரைத் தாண்டி விலைபோவதும் உண்டு. சந்தையிலே சில நூறு டொலர் மட்டுமே பெறும் விலங்கு அது. மிகுதிப் பணம் பிள்ளையின் கல்விக்கென வணிகர்கள் மனமுவந்து அளிப்பது என்று விளக்கம் கூறப்படுகின்றது. நோக்கம் நன்றே. எனினும் அத்தனை பெரிய தொகை ஒரு குட்டியின் முதுகுத் தசையில் தங்கியிருக்கும்போது, அங்கே வளர்ந்தவர்களின் பேராசை நுழைவது தவிர்க்கவியலாததாகின்றது.

1994ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலக் கண்காட்சியில் வெற்றிபெற்ற விலங்குகள் பலவற்றில் மோசடி நடந்திருந்தமை கண்டறியப்பட்டது. தசையைப் பெருக்கிக் கொழுப்பைக் குறைக்கும் கிளென்பியூட்டரோல் என்னும் மருந்து சிலவற்றுக்கு ஊட்டப்பட்டிருந்தது. தோலின் கீழே எண்ணெய் ஏற்றி உடலைத் திரட்சியாகக் காட்டிய செயல்களும் அம்பலமாயின. இந்த மருந்து விளையாட்டுப் பொருளன்று. 1990இல் ஸ்பெயின் நாட்டில் அம்மருந்து தங்கியிருந்த மாட்டீரலை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஒஹையோ நிகழ்வின் பின்னர் அம்மாநிலம் கண்காட்சி விலங்குகளுக்கென விதிகளை இறுக்கியது. ஆனால் விதிகள் வந்ததால் மட்டும் மனம் திருந்திவிடுவதில்லை.

மருந்தின்றியே செய்யப்படும் கொடுமைகளும் உள்ளன. பின்புறம் அகன்று தோன்றவேண்டும் என்பதற்காக வாலை அடியோடு ஒட்ட நறுக்குவது கண்காட்சிக் குட்டிகளிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கம். அவ்வாறு நறுக்கப்பட்ட குட்டிகளுக்கு மலக்குடல் வெளித்தள்ளும் நோய் கூடுதலாக வருகின்றது என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். அரங்கிலே நடுவர் முதுகைத் தொட்டுப் பார்க்கும்போது தசை இறுகவேண்டும் என்பதற்காகப் பிள்ளை தன் முழங்காலைக் குட்டியின் நெஞ்சில் ஊன்றி அழுத்துகின்றது. சிலர் இதனை மிகைப்படுத்தி முன்கால்கள் நிலத்தினின்றும் எழும்பும்வரை தூக்கிவிடுவதால், நான்கு கால்களும் நிலத்தில் இருக்கவேண்டும் என்று பல கண்காட்சிகள் விதி செய்யவேண்டியதாயிற்று.

இவையனைத்திலும் கொடியது வேறொன்று. கூலிக்கு அமர்த்திய தேர்ச்சியாளர் குட்டியைத் தெரிந்தெடுக்கின்றார். அவரே தீனியை வகுக்கின்றார். அவரே மயிரைக் கத்தரித்துச் சீர்செய்கின்றார். பிள்ளை கண்காட்சி நாளன்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து குட்டியைப் பிடித்து நிற்கின்றது. பரிசும் பெறுகின்றது. அப்பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் என்ன? தன் உழைப்பின்றியே தன் பெயர் ஒலிக்கும் என்பதே. எம்மவர் இதனைப் படித்து வெள்ளைக்காரரை நகைக்க முற்படவேண்டாம். பேச்சுப்போட்டிக்குத் தகப்பனார் எழுதிய உரையை மனனஞ் செய்து ஒப்பித்துக் கேடயம் பெறும் பிள்ளைகள் எமது மண்டபங்களிலும் உளர். வளர்த்தவர் ஒருவர், பரிசு பெறுபவர் இன்னொருவர் என்ற நோய் ஆட்டுக்கொட்டிலுக்கு மட்டும் உரியதன்று.

அடுத்து, “பாவம்” என்போரின் வாதத்துக்கு வருவோம். இறைச்சிக்கான பிரிவில் பங்குபற்றும் குட்டி ஏலத்தின் பின் கொலைக்களத்துக்கே செல்கின்றது. பெயரிட்டு அழைத்து, நாள்தோறும் தடவி வளர்த்த உயிரைப் பிரியும் பிள்ளையின் துயரம் சிறிதன்று. 2022ஆம் ஆண்டு கலிபோர்ணியாவின் சாஸ்ரா மாவட்டக் கண்காட்சியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வளர்த்த வெள்ளாடு 902 டொலருக்கு ஏலம்போனது. சிறுமி அதனைப் பிரிய மறுத்து அழுதாள். இழப்பை ஈடுசெய்வதாகக் கூறித் தாயார் ஆட்டைத் திரும்பக் கொண்டுசென்றார். கண்காட்சியினர் இணங்கவில்லை. காவல்துறையினர் நூற்றுக்கணக்கான மைல் பயணஞ் செய்து ஆட்டைக் கைப்பற்றினர், அது கொல்லப்பட்டது. குடும்பத்தார் தொடுத்த வழக்கில், 2024இல் மூன்று இலட்சம் டொலர் வழங்க உடன்பாடு காணப்பட்டது. பிள்ளைக்குப் பொறுப்பைக் கற்பிக்கின்றோம் என்று கூறியவர்கள், இரக்கத்துக்கு இடமில்லாத பொறுப்பையே அங்கு கற்பித்தனர்.

எனினும், துயரம் வரும் என்பதற்காக இவ்வழக்கம் முழுவதையும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. வார இறுதியில் கடையில் ஆட்டிறைச்சி வாங்கிக் கறிசமைத்து உண்ணும் நாம், ஆடு வளர்க்கும் பிள்ளையைப் பார்த்துப் பாவம் என்று சொல்வதில் பொருளில்லை. மரக்கறி உணவினருக்கு அவ்வாறு கூறும் உரிமை உண்டு, ஏனையோருக்கு இல்லை. நெகிழிப் பொதியில் வரும் இறைச்சி ஓர் உயிரினின்றும் வந்தது என்பதை உணர்ந்து வளரும் பிள்ளை, உணராது வளரும் பிள்ளையைவிட உணவை மதிக்கும், வீணாக்கத் தயங்கும்.

ஆகவே புலம்பெயர்ந்த பெற்றோருக்கு நாம் கூற விரும்புவன மூன்று. முதலாவது, பிள்ளை 4-எச் கழகத்தில் சேர விரும்பினால் தடுக்காதீர்கள். மாடிக் குடியிருப்பில் வாழ்வோருக்கு இது கைகூடாது என்று எண்ணவும் வேண்டாம். பண்ணையில்லாத பிள்ளைகள் பிறர் பண்ணையில் விலங்கை வைத்துப் பராமரிப்பதற்குச் சில கழகங்கள் இடமளிக்கின்றன. இரண்டாவது, குட்டியின் முடிவு என்ன என்பதை முதல்நாளே பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதனைத் தாங்கமாட்டாத பிள்ளையாயின், இறைச்சிப் பிரிவை விடுத்து, இனவிருத்திக்கெனப் பேணப்படும் மறிக்குட்டிகளின் பிரிவில் சேர்க்கலாம். அவை கண்காட்சி முடிந்ததும் மந்தைக்கே திரும்புகின்றன. மூன்றாவது, பிள்ளையின் வேலையைப் பிள்ளையே செய்யட்டும். தீனிக் கணக்கில் பிழை நேர்ந்தால் திருத்திக் கொடுங்கள். கணக்கை நீங்கள் எழுதாதீர்கள்.

பதினைந்தாம் இடத்தில் நின்றாலும், தன் கையால் ஊட்டி வளர்த்த குட்டியோடு நிற்கும் பிள்ளை, நடுவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் தயங்காது விடை சொல்லும். அப்பிள்ளையைப் பெற்றோர் பெருமைகொள்ள அதுவே போதுமானது என்பது எமது துணிபு.