சாவுக்கு முன்பணம்!

கத்தரிக்காய் வாங்குகிறவன் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறான். சேலை வாங்குகிறவள் முந்தானையை விரித்துப் பார்க்கிறாள். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். வாங்கியவன் கண்ணால் பார்க்கவே முடியாத சரக்கு ஒன்று உண்டா? உண்டு! பிரிட்டனிலே விற்கிறார்கள், இலட்சக்கணக்கானோர் வாங்கியும் இருக்கிறார்கள். என்ன சரக்கு? தன் சவப்பெட்டி! தன் சவ ஊர்தி! தன் எரியூட்டு! உயிரோடு இருக்கும்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டும்; மூச்சு நின்றதும் நிறுவனத்தார் வந்து எடுத்துச் செல்வார்கள். சொன்ன பெட்டிதானா, சொன்ன ஊர்திதானா என்று கட்டியவன் எழுந்து வந்து கேட்கப்போவதில்லை. வாணிப உலகிலே இவனைவிட வசதியான வாடிக்கைக்காரன் வேறு யார்?

நகைத்துவிட்டுப் போகக்கூடிய செய்தியல்ல, தோழர்களே! ஏன் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். அச்சம்! விலையைக் கண்டு அச்சம். தன் பிணம் தன் பிள்ளையின் தலையிலே கடனாக இறங்கிவிடுமோ என்ற அச்சம். சாதாரணமானதொரு இறுதிச்சடங்குக்கு அந்நாட்டில் 2004-ல் சராசரிச் செலவு 1,835 பவுண்டு. 2021-ல் அது 4,056 பவுண்டு. இந்தக் கணக்கைச் சொல்வது சன்லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனம். சாவுச் செலவைக் காட்டிச் சரக்கு விற்கும் நிறுவனமாயிற்றே, பயத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும் என்று தள்ளிவிடலாமா? முடியாது. போட்டி, சந்தை விவகாரங்களைக் கவனிக்கும் அந்நாட்டு ஆணையமே 2018-ல் ஆராய்ந்து சொன்னது: பதினான்கு ஆண்டுகளாக ஆண்டுதோறும் 6 விழுக்காடு ஏற்றம், பொது விலைவாசி ஏற்றத்தைப்போல இரு மடங்கு!

ஏன் ஏறாது? வீட்டிலே தாய் பிணமாய்க் கிடக்கிறாள். மகன் நாலு கடை ஏறி இறங்கி, “அவன் இத்தனை சொன்னான், நீ எத்தனை குறைப்பாய்?” என்று பேரம் பேசுவானா? பேசமாட்டான். பேசமாட்டான் என்பது கடைக்காரனுக்குத் தெரியும். அழுகிறவனிடம் விலை ஏற்றுவது எளிது.

இந்த அச்சத்தின்மீதுதான் முன்பணத் திட்டம் கட்டப்பட்டிருக்கிறது. “இன்றைய விலையைக் கட்டு, நாளைய விலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்பது வாக்கு. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுமானால் பன்னிரண்டு ஆண்டில் விலை இரட்டிப்பாகும், கட்டியவனுக்கு இலாபம். மறுக்கவில்லை. முன்பே கட்டி, விலையேற்றத்திலிருந்து தப்பிய குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்த ஏற்றம் என்றும் தொடரும் என்று எவன் எழுதிக்கொடுத்தான்? அதே சன்லைஃப் கணக்குப்படி 2022-ல் சராசரி 3,953 பவுண்டாக இறங்கியது. இறங்கியதற்கு ஒரு காரணம், சடங்கில்லாத நேரடி எரியூட்டு பரவியது. சுற்றத்தார் கூடுவதில்லை, பாதிரி இல்லை, ஊர்வலம் இல்லை; உடல் போகும், சாம்பல் வரும். பாடகர் டேவிட் போவி 2016-ல் மறைந்தபோது இப்படித்தான் நடந்தது. செலவு சடங்கோடு நடப்பதிலே பாதிக்கும் குறைவு. பத்தாண்டுக்கு முன்பே முழுச் சடங்குக்குப் பணத்தைக் கட்டிவிட்டவன், மனம் மாறினால் என்ன செய்வான்? திட்டத்தை நீக்கினால் அதற்கும் ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு.

ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களைப் படித்தவர்கள் எத்தனை பேர்? சவச்சாலைக்காரனின் கூலி, பெட்டி, ஊர்தி — இவை அடங்கும். எரியூட்டு நிலையத்தின் கட்டணம்? அது மூன்றாமவனுக்குப் போகும் பணம். சில திட்டங்களில் முழுவதும் அடங்கும், சிலவற்றில் “இவ்வளவு வரை கொடுப்போம்” என்பார்கள். மிச்சம்? மகன் தலையில்! எந்த மகனுக்குக் கடன் வைக்கக்கூடாதென்று தந்தை கட்டினாரோ அதே மகன் தலையில்! புதைக்க விரும்புகிறவருக்கு நிலத்தின் விலை பெரும்பாலும் அடங்காது. கல்லறைக்கல் அடங்காது. மலர் அடங்காது. தவணையில் கட்டினால் மொத்தத் தொகை கூடும் திட்டங்களும் உண்டு.

இவையெல்லாம் நிறுவனம் உயிரோடு இருந்தால்! வாடிக்கைக்காரனுக்கு முன்பே நிறுவனம் செத்துவிட்டால்?

செத்தது, தோழர்களே! சேஃப் ஹேண்ட்ஸ் என்று ஒரு நிறுவனம். தமிழில் சொன்னால் பத்திரமான கைகள். பெயரைப் பாருங்கள்! 2022 மார்ச்சிலே அந்தக் கைகள் விரிக்கப்பட்டன. நாற்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். ஓய்வூதியத்திலே மிச்சம் பிடித்தவர்கள், கணவனும் மனைவியுமாக இரண்டு பங்கு கட்டியவர்கள், நோய்ப்படுக்கையில் இருந்து கொண்டே “ஒரு கவலை தீர்ந்தது” என்று நிம்மதி கொண்டவர்கள். வங்கி முறிந்தால் ஈடு கொடுக்க அங்கே ஒரு காப்பு நிதி உண்டு. இவர்களுக்கு அது கிடையாது. ஏன்? அந்நாள் வரை இந்த வாணிபம் நிதித்துறை ஒழுங்காணையத்தின் கண்காணிப்பிலேயே இல்லை! பணம் பொறுப்பு நிதியத்தில் இருக்கிறது என்றார்கள்; பார்த்தபோது கொடுத்த வாக்குகளைக் காப்பாற்றும் அளவுக்கு இல்லை. கடுங்குற்ற மோசடிகளைத் துருவும் அந்நாட்டு அலுவலகம் 2023-ல் விசாரணை தொடங்கியது.

வேலி எப்போது போட்டார்கள்? 2022 ஜூலை 29-ல். பயிரை மேய்ந்த நான்கு மாதம் கழித்து! அன்று முதல் உரிமம் பெறாத நிறுவனம் திட்டம் விற்கக்கூடாது. அழைக்காத வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து விற்கக்கூடாது. தரகனுக்குக் கமிஷன் கூடாது. நிறுவனம் முறிந்தால் காப்பு நிதி ஈடு தரும். நல்ல விதிகள்தாம். இவை இருக்கும்போது முன்பு இருந்த ஆபத்தில் பெரும்பகுதி குறைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. உழைத்து ஓய்ந்தவன் தன் பிணத்துக்குத் தானே பணம் சேர்க்கும் நிலை அந்நாட்டில் புதிதா? அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைத் தொழிலாளி வாரம் ஒரு பென்னி, இரண்டு பென்னி என்று சவ அடக்கச் சங்கத்துக்குக் கட்டினான். குழந்தைக்குப் பாலைக் குறைத்தும் கட்டினான். கட்டாவிட்டால் அநாதைப் பிணம்! அநாதை விடுதியிலே செத்து, உரிமை கோர ஆளில்லாத உடலை மருத்துவப் பள்ளியின் அறுவை மேசைக்கு அனுப்ப 1832-ன் சட்டம் இடம் கொடுத்தது. அந்த அவமானத்துக்கு அஞ்சிய காசிலே காப்பீட்டுக் கம்பெனிகள் வளர்ந்தன. புரூடென்ஷியல் 1854-ல் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று பென்னி தண்டத் தொடங்கியது.

இதை மாற்ற வேண்டுமென்றுதான் பெவரிட்ஜ் 1942-ல் தன் அறிக்கையிலே, சவ அடக்கச் செலவையும் சமூகக் காப்பீட்டில் சேர்க்கச் சொன்னார். 1949-ல் வந்தது, 20 பவுண்டு. 1967-ல் 30 பவுண்டு ஆக்கினார்கள். பிறகு? விலை ஏறியது, உதவித்தொகை ஏறவில்லை. இருபது ஆண்டுகள் அந்த முப்பதிலேயே நிறுத்தி, ஒன்றுக்கும் உதவாததாக்கி, 1987-ல் தாட்சர் ஆட்சியிலே அதையும் எடுத்துவிட்டார்கள். குறிப்பிட்ட அரசு உதவிகளைப் பெறும் வறியவர்க்கு மட்டும் மனுப் போட்டுப் பெறும் உதவி ஒன்று மிஞ்சியது. அரசு விலகிய இடத்திலே யார் வந்து நின்றான்? தரகன் வந்து நின்றான், வழவழப்பான துண்டுத்தாளோடு!

சரி, அங்கே குடியேறி மூப்படைந்த நம்மவர்க்கும் இந்தக் கேள்வி உண்டு. ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வாழும் தமிழ்ப் பெரியவர் ஒருவர், “கட்டலாமா தம்பி?” என்று கேட்டால் என்ன சொல்வது? ஒண்டியாய் இருக்கிறவர், பின்னால் பார்த்துச் செய்ய ஒரு நாதியில்லாதவர் என்றால், உரிமம் பெற்ற நிறுவனத்தில் கட்டட்டும். அவருக்கு அது பணத்துக்கு ஈடான சரக்குத்தான். பிள்ளைகள் இருக்கிறவருக்கு அப்படியல்ல. அதே தொகையை வங்கியிலே போட்டு வைத்தால் வட்டியும் சேரும், நோய்க்கு எடுக்கலாம், ஊருக்குப் போய்வர எடுக்கலாம். இறந்தவர் கணக்கிலிருந்தே சவச்சாலைப் பட்டியலுக்குப் பணம் கொடுக்க அங்கே வங்கிகள் பொதுவாக மறுப்பதில்லை. மலிவான திட்டம் என்று நேரடி எரியூட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “உறவு முறையெல்லாம் கூடவேண்டும், என் மகள் என்னைக் குளிப்பாட்டவேண்டும், முகம் பார்க்கவேண்டும்” என்று எதிர்பார்த்தால் அது நடக்காது. அந்த விலையிலே அது அடங்கவில்லை. நாளும் நேரமும்கூடக் குடும்பத்தின் கையில் இராது.

2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் ஒவ்வொரு சவச்சாலைக்காரரும் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்திலும் வெளியிட்டாக வேண்டும் என்பது உத்தரவு. துண்டுத்தாளை மேசைமேல் வைத்துவிட்டு, தெருவிலிருக்கும் இரண்டு மூன்று கடைகளின் பட்டியலைப் பெரியவர் வாங்கி வரட்டும். மகனையும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, எது அடங்கும், எது அடங்காது என்று வரிவரியாக ஒத்துப் பார்க்கட்டும். கையெழுத்து அதற்குப் பிறகு.